பாதியாய்ச் சுண்டிய தண்ணீர்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். நடுவில் கோபமும் வருத்தமும் புகுந்தால் எது முன்னால், எது பின்னால் என்பது குழம்பிவிடும்.

1. சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் தாய்வீட்டில் என் அண்ணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு. மற்றபடி நல்ல குழந்தை.

2. கோடை தொடங்கும்போது தாயையும் பிள்ளையையும் மொரப்பூர் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள்.

3. வந்த சில நாட்களில் அண்ணிக்கு விஷக் காய்ச்சல். தாய்ப்பால் வற்றிப்போனது. பால்மாவு டப்பா வாங்கிக் கரைத்துப் புட்டியில் கொடுக்கத் தொடங்கினார்கள்.

4. குழந்தையின் உதடும் நகங்களும் நீலமாயின.

5. அரூரில் பார்த்த டாக்டர், இதயத்தில் ஓட்டை இருக்கலாம் என்று சொல்லிச் சேலத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

6. சேலம் ஆஸ்பத்திரியில் குழந்தை தேறினான். இதயத்தில் குறை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

7. வீட்டுக்கு வந்ததும் மறுபடி நீலமானான்.

8. இவ்வளவும் நடந்தபோது பெரும்பாலும் நான் கடற்கரையில் தண்ணீரை அளந்துகொண்டிருந்தேன்.

எட்டாவதிலிருந்து தொடங்கினால்தான் மற்றவை விளங்கும். நான் வேதியியல் படித்தவள். கடலோரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்ப உதவியாளர் வேலை. படகில் போய்க் கடல்நீரைப் புட்டிகளில் பிடித்து வந்து, அதில் கரைந்திருக்கும் சத்துகளை அளக்கவேண்டும். வயலுக்கு உரம் இருப்பதுபோல் கடலுக்கும் உரம் உண்டு. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அளவாக இருந்தால் மீனுக்குத் தீனி பெருகும். மிஞ்சினால் பாசி மண்டி, அழுகி, தண்ணீரில் மூச்சுக்காற்று தீர்ந்து, மீன் கரையில் ஒதுங்கும். மிஞ்சுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் எங்கள் வேலை.

கடலுக்கு இந்த உரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய, ஆற்றின் மேல்பகுதியிலும் நீர் எடுப்பதென்று ஒருநாள் முடிவு செய்தார்கள். பெண்ணையாறு எங்கள் மாவட்டத்தைத் தாண்டித்தான் கடலுக்குப் போகிறது. "நீ அந்தப் பக்கத்துப் பெண்தானே, வீட்டையும் பார்த்தமாதிரி இருக்கும்" என்று என்னை அனுப்பினார்கள். அப்படித்தான் மாதம் ஒருமுறை ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டியோடு அரூரில் பஸ் ஏறுகிறவள் ஆனேன்.

திருவண்ணாமலை பஸ்ஸின் கண்டக்டர் ஒருவர் பெட்டியைத் தட்டிப் பார்த்துக் கேட்டார்.

"இன்னாம்மா இது, மீனா? வண்டியெல்லாம் நாறிடுமே."

"மீன் இல்லீங்க. ஆத்துத் தண்ணி."

"ஆத்துத் தண்ணியா? எங்க கொண்டுட்டுப் போறீங்க?"

"கடற்கரைக்கு."

"அது தானாவே அங்கதானம்மா போவுது. அதுக்குப் போயி டிக்கெட் எடுத்துட்டு வர்றீங்களே." பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் கோடையில் ஆறு தானாக எங்கேயும் போகவில்லை என்பதைச் சொல்லவில்லை. மணலில் அங்கங்கே குட்டை குட்டையாக நின்றது.

குட்டையில் எடுத்த நீரோடு ஒப்பிட அக்கம்பக்கத்துக் கிணற்று நீரும் இருந்தால் நல்லது என்று தோன்றியது. ஒரு புட்டி மீதம் இருந்தது. எங்கள் வீட்டுக் கிணற்றிலேயே எடுத்தேன். வீட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையை ஒட்டி இருக்கிறது கிணறு. எந்தக் கோடையிலும் வற்றாது. தண்ணீர் தெளிவாக இருக்கும், குடித்தால் நாக்கில் ஒன்றும் உறுத்தாது. அதில் அப்பாவுக்கு ஒரு பெருமை உண்டு.

அம்மாவுக்கு என் புட்டியைப் பார்க்கச் சகிக்கவில்லை. நாங்கள் அமிலத்தில் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலசி வைத்திருக்கும் புட்டி அது.

"குடு கண்ணு, சாம்பல் போட்டு ஒரு தேய் தேய்ச்சுத் தர்றேன். நாளைக்கு அங்க தொறந்து பாக்கறவங்க, இன்னா வூட்டுல வளந்த பொண்ணுன்னு கேக்க மாட்டாங்க?"

"தொட்டுடாதம்மா. கணக்கே கெட்டுப்போவும்."

"சுத்தமா கழுவினா கெட்டுப்போற கணக்கு இன்னா கணக்கு?"

என் அம்மா எதிலும் அப்படித்தான். பால்மாவு கரைக்கும் பாத்திரம் தனி, மூடி தனி, துடைக்கும் துணி தனி. குழந்தைக்கான தண்ணீரை விறகடுப்பில் அவரே காய்ச்சுவார். அந்தப் பாத்திரத்தை அண்ணியைக்கூடத் தொடவிடமாட்டார். அப்போது குழந்தையின் உதடு நீலமாகத் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். அரூர் டாக்டரைப் பார்த்தாகிவிட்டது. மறுநாள் சேலம் போக ஏற்பாடு.

அவர்களை ரயிலேற்றிவிட நானும் என் பெட்டியோடு மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் தாமதம். குழந்தை சிணுங்கினான். அம்மா ஃபிளாஸ்கில் கொண்டு வந்திருந்த தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்தார். பாதிப் புட்டி குடித்தவன் குடிப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான். அழவில்லை. வாயைச் சுற்றியிருந்த நீலம் கன்னத்துக்குப் பரவியது. விரல் நுனிகள் சிலேட்டு நிறமாயின. அண்ணன், ஸ்டேஷன் மாஸ்டரிடம் ரயில் எங்கே வருகிறது என்று கேட்க ஓடினான்.

எங்கள் குடும்பம் தலைமுறைகளாகக் கத்தோலிக்கக் குடும்பம். சாகக் கிடக்கும் குழந்தைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்க முடியாதென்றால் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா ஃபிளாஸ்கில் மிச்சமிருந்த தண்ணீரை மூடியில் ஊற்றினார். பிளாட்பாரத்துப் பெஞ்சில் வைத்து, என் தாத்தாவின் பெயரைச் சொல்லி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் மூன்று முறை குழந்தையின் நெற்றியில் வார்த்தார். பக்கத்தில் நிலக்கடலை விற்றுக்கொண்டிருந்த அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டார். அவருக்கு அது என்ன சடங்கு என்று தெரிந்திருக்காது. ஆனால் எதற்காக என்று புரிந்திருந்தது.

ரயில் வந்தது. அவர்கள் சேலத்துக்குப் போனார்கள். நான் அரூர் வந்து என் பஸ்ஸைப் பிடித்தேன். ஐஸ் உருகிவிட்டால் நீர் வீணாகிவிடும் என்பதுதான் காரணம். அதைத் தவிர வேறு காரணம் எழுதத் தெரியவில்லை.

ஆய்வுக்கூடத்தில் நைட்ரேட்டை அளக்கும் முறை இது. காட்மியத் துருவல் அடைத்த கண்ணாடிக் குழாயின் வழியாக நீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கவேண்டும். பிறகு இரண்டு மருந்து சேர்த்தால் நிறம் பிடிக்கும். நைட்ரேட் எவ்வளவோ அவ்வளவு சிவப்பு. கடல்நீருக்கு வெள்ளைத் தாளின் முன்னால் பிடித்துப் பார்த்தால்தான் நிறம் இருப்பதே தெரியும். ஆற்றுக் குட்டை நீருக்கு நல்ல இளஞ்சிவப்பு வந்தது. எங்கள் கிணற்று நீர், பீட்ரூட் நறுக்கிய கையைக் கழுவிய தண்ணீர்போல் ஆயிற்று. நிறத்தை அளக்கும் கருவியின் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது.

என் முதல் சந்தேகம் அம்மா மேல்தான். நான் பார்க்காதபோது சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டாரோ? சாம்பலில் இவ்வளவு வராது. குழாயில் பழுதோ என்று தெரிந்த கரைசலை விட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. கிணற்று நீரைப் பல மடங்கு நல்ல நீர் விட்டுக் கலக்கி அளந்தேன். மறுபடி அளந்தேன். கடலில் நாங்கள் பார்க்கும் அளவைவிடப் பல நூறு மடங்கு.

முதலில் எனக்கு வயல்தான் நினைவுக்கு வந்தது. அப்பா தக்காளிக்கும் கரும்புக்கும் கொட்டும் யூரியா, கிணற்றுக்கு மேட்டில் இருக்கும் எருக்குழி, மாட்டுக் கொட்டகையின் மூத்திர வாய்க்கால். இரண்டு வருஷமாக மழை தவறி, கிணற்றில் ஊறுவது குறைந்து, இருந்த நீரிலேயே எல்லாம் கூடிக்கொண்டு வந்திருக்கிறது. கடலுக்கு வரும் உரத்தின் ஊற்றைத் தேடிப் போனவள், அதை என் வீட்டிலேயே கண்டேன் என்று எங்கள் தலைமை ஆய்வாளரிடம் வேடிக்கையாகக்கூடச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணனின் இன்லேண்டு லெட்டர் வந்தது. குழந்தை தேறிவிட்டான், இதயத்தில் ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம் என்று எழுதியிருந்தான். அண்ணி அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி சேர்த்திருந்தார்: "ஊசியில் இழுத்த ரத்தம் காப்பிக் கஷாயம் மாதிரி இருந்தது என்று நர்ஸ் சொன்னாங்க, எனக்குப் பயமாகவே இருக்கிறது."

அந்த வரியைப் படித்தபோதுதான் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. கல்லூரிப் பாடத்தில் நைட்ரேட்டைப் பற்றி ஒரு பத்தி உண்டு. பெரியவர்கள் குடித்தால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். சில மாதக் குழந்தையின் வயிற்றில் அது வேறொன்றாக மாறி, இரத்தத்தில் சேர்ந்து, உயிர்க்காற்றைச் சுமக்கவிடாமல் செய்யும். இரத்தம் காப்பி நிறமாகும். குழந்தை நீலமாகும். தண்ணீரை மாற்றினால் தேறும். சேலத்தில் குழந்தை குடித்தது ஆஸ்பத்திரித் தண்ணீர். இப்போது அவனை எங்கள் கிணற்றுக்கே திரும்ப அழைத்துப் போகிறார்கள்.

தந்தி கொடுத்தேன். "கிணற்றுத் தண்ணீர் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்." பிறகு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

தந்தி எனக்கு முன்பே போய்விட்டிருந்தது. தபால்காரர் படித்துச் சொல்லியிருக்கிறார். காய்ச்சாத தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று நான் சொல்வதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். "இது நமக்குத் தெரியாதா, இதுக்கு ஒரு தந்தியா" என்று அப்பா சிரித்தாராம். அம்மா இன்னும் அதிக நேரம் காய்ச்சத் தொடங்கினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணியின் அம்மா மலையடிவாரத்திலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கட்டிய மூட்டை. குழந்தை அண்ணியின் மடியில், அதே சிலேட்டு நிற விரல்களோடு கிடந்தான்.

"எங்கூட்ல இருந்த வரைக்கும் தக்காளியாட்டம் இருந்தான்" என்றார் அவர். "இங்க வந்தா நாவப்பழமாட்டம் ஆயிடறான். சேலத்துல நல்லா ஆனவன் இந்த வாசப்படி மிதிச்சதும் இப்படி ஆனா, நான் இன்னான்னு நெனைக்கறதுங்க சம்மந்தி?"

"நாங்க இன்னா வெஷமா வெக்கறோம்?" என்று அம்மா கேட்டார். "எம் பேரனுக்கு நான் செய்யாதத வேற யாரு செஞ்சிடுவாங்க?"

"நான் வெஷம்னு சொல்லலீங்களே. வூடு ஆவலன்னுதான் சொல்றேன்."

"வூட்டக் கட்டினப்போ சாமியார் வந்து மந்திரிச்ச வூடுங்க இது."

நான் பையைக்கூட இறக்காமல் சொன்னேன். "வூட்டுல ஒண்ணுமில்ல. கெணத்துலதான்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நைட்ரேட் என்ற சொல்லைச் சொல்லாமல், உரச்சத்து கிணற்றில் இறங்கியிருக்கிறது, அது இவ்வளவு சிறிய குழந்தைக்கு ஆகாது என்று சொன்னேன்.

அப்பாவுக்குக் கோபம் வந்தது. "நாங்கல்லாம் குடிச்சு வளந்த தண்ணி. நீ இன்னா தேன் குடிச்சா வளந்தே? உன் ஒதடு நீலமாவா இருக்குது?"

"நான் கைக்குழந்தையா இருந்தப்போ அம்மா பால்தானே குடிச்சேன். அப்போ யூரியா ஏதுப்பா?"

"கடலப் பாத்துட்டு வந்ததும் கெணறு கசக்குது. யூரியா போட்டு வெளஞ்ச காசுலதான் உன்னையே படிக்க வெச்சேன்" என்றார். அண்ணன் குழந்தையின் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா அமைதியாகத்தான் சொன்னார். "உரமோ கிருமியோ, எதுவா இருந்தாலும் கொதில செத்துப்போவும் கண்ணு. நர்ஸம்மா காய்ச்சிக் குடுக்கச் சொன்னாங்க. நான் சும்மா காய்ச்சறதில்ல. ரெண்டு சொம்பு ஊத்தினா ஒரு சொம்பு வர்ற வரைக்கும், கஷாயமாட்டம் சுண்டக் காய்ச்சறேன். உன் தந்தி வந்த பொறவு அதுலயும் பாதியாக்கறேன்."

அவரிடம் எப்படிச் சொல்வதென்று யோசிக்க நேரமில்லை.

"அம்மா, இது கிருமியில்ல, உப்பு மாதிரி. ரசத்த அடுப்புலயே விட்டு சுண்டிப்போனா இன்னா ஆவும்?"

"உப்பு..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. தினமும் சமைக்கிறவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நீராவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். பாத்திரத்தில் நிற்பது அத்தனையும் அங்கேயே நிற்கும்.

அம்மா உள்ளே போய், குழந்தைக்கென்று காய்ச்சி மூடி வைத்திருந்த பாத்திரத்தை எடுத்து வந்து முற்றத்தில் கொட்டினார். பிறகு அடுப்பில் இருந்த விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தார்.

அண்ணன் சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு மொரப்பூர் ஸ்டேஷன் குழாய்த் தண்ணீரைக் கொண்டு வந்தான். ஆய்வுக்கூடத்திலிருந்து எடுத்து வந்திருந்த காட்மியத் துருவலையும் மருந்துகளையும் வைத்துத் தோராயமாகப் பார்த்தேன். நிறம் லேசாகத்தான் வந்தது. அதில் பால் கரைத்து அண்ணியே கொடுத்தார். குழந்தை உடனே தேறிவிடவில்லை. அந்த வேளை எனக்குக் கொடுமையாக இருந்தது. நான் படித்தது ஒரு பத்திதான். நான் சொன்னது தவறாக இருந்து, நோய் வேறாக இருந்தால், என் பேச்சைக் கேட்டு ஒரு நாளை வீணாக்கியவர்கள் ஆவோம். அண்ணனை அழைத்துக்கொண்டு அரூர் டாக்டரிடம் போனேன். "தண்ணியா?" என்று கேட்டவர், அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து நின்றபடியே படித்தார். "இருக்கலாம். இன்னும் கறுத்தால் சேலத்துக்குப் போங்கள், அதற்கு ஊசி உண்டு. இந்த ஊரில் நான் இதைப் பார்த்ததில்லை" என்றார். பார்த்ததில்லையா, பார்த்தும் தெரியவில்லையா என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

ஊசி தேவைப்படவில்லை. மறுநாள் நகங்களில் நீலம் குறைந்தது. அதற்கடுத்த நாள் உதடு உதடாக இருந்தது. அண்ணியின் அம்மா மூட்டையைப் பிரித்து வைத்தார். ஒரு வாரம் தங்கிவிட்டுப் போனார்.

அம்மா அதன்பிறகு குழந்தைக்குப் பால் கரைக்கவில்லை. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அண்ணி புட்டியைக் கையில் கொடுத்தால்கூட, "நீயே குடு கண்ணு, எனக்கு அடுப்புல வேல இருக்குது" என்பார். நான் ஊருக்குக் கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரை வந்தவர், மெல்லக் கேட்டார்.

"ஸ்டேஷன்ல அந்தத் தண்ணியிலதான ஞானஸ்நானம் குடுத்தேன். அது செல்லுமா?"

"சாமியாரக் கேக்கலாம்மா."

"கேட்டுட்டேன். செல்லும்னாரு. உனக்கு இன்னா தோணுதுன்னு கேட்டேன்."

செல்லும் என்று சொன்னேன். தண்ணீரில் எது எவ்வளவு இருக்கிறது என்று சொல்லத்தான் எனக்குப் பயிற்சி. ஆனாலும் சொன்னேன்.

ஊரில் மற்றக் கிணறுகளையும் பார்க்கவேண்டும் என்று எங்கள் தலைமை ஆய்வாளரிடம் கேட்டேன். திட்டம் கடலுக்கானது, ஆறு வரைதான் நமக்கு அனுமதி, குடிநீர்க் கிணறு நம் வேலையில்லை என்றார். அவர் கெட்டவர் இல்லை. மாவட்டத்தில் குடிநீர் பார்க்கும் அலுவலகத்துக்கு எழுதச் சொன்னதும் அவர்தான். எழுதினேன். எங்கள் மாவட்டத்தில் தண்ணீர் என்றால் எல்லோரும் பார்ப்பது ஃபுளோரைடைத்தான், பல் மஞ்சளாகிறதே, அதற்காக. அந்த அலுவலகத்தார் வந்து நீரை எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு, ஃபுளோரைடு மிகையாக இல்லை, நீர் குடிக்க உகந்தது என்று அப்பாவுக்குப் பதில் அனுப்பினார்கள். அப்பா அதை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். "எம் பொண்ணு வாணாம்னுது, சர்க்கார் குடின்னுது. நான் யாரு பேச்சக் கேக்கறது?"

மறுபடி ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். நைட்ரேட் பார்க்கும்படி தனியாகக் கேட்டிருக்கிறேன். பதில் இல்லை.

இதை எழுதும்போது நிலைமை இதுதான். அண்ணன் மகன் நலம், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். அவனுக்கு மட்டும் ஸ்டேஷன் தண்ணீர் வருகிறது. வீட்டில் மற்றவர்கள் கிணற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறார்கள். அப்பா எருக்குழியை மாற்றவில்லை. எங்கள் வீட்டுக்குக் கீழே, அதே சரிவில் இருக்கும் வீட்டின் கிணற்றிலும் சென்ற மாதம் நீர் எடுத்து, வேலை நேரம் முடிந்த பிறகு அளந்து பார்த்தேன். எங்கள் கிணற்றைவிட அதிகம். அந்த வீட்டு மருமகளுக்குத் தை மாதம் பிரசவம். தாய்ப்பால் மட்டும் கொடுக்கும்படியும், முடியாவிட்டால் ஸ்டேஷன் தண்ணீரில் கரைக்கும்படியும் அவரிடமும் அவர் மாமியாரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கவலப்படாதீங்க கண்ணு, நாங்க நல்லாக் காய்ச்சித்தான் குடுப்போம்" என்றார். காய்ச்சுவதுதான் ஆகாது என்று மறுபடி விளக்கினேன். தலையாட்டினார். அவருக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.